ஏக்கருக்கு ஒரு செடி

மக்காச்சோளச் செடிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று முடிவு செய்ய தேனியில் ஒரு கூட்டம் நடந்தது. ஏசி அறை, முந்திரி பிஸ்கட், இரண்டு சுற்று காபி. அந்த அறையில் மண்ணில் கால் வைத்தவர் என்று பார்த்தால் காபி கொண்டுவந்த அம்மா ஒருவர்தான். அவரையும் கப்புகளை எடுத்துக்கொண்டு வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்குப் பிறந்ததுதான் மாவட்டப் பயிர் இடைவெளி மேம்பாட்டு முகமை.

முகமைக்கு ஒரு தலைமை இடைவெளி அலுவலர், முனைவர் ஆதித்தன். ஒரு பொலேரோ. ஒரு முத்திரை. இவ்வளவுக்கும் சேர்த்து வேலை செய்ய விஜய்பாண்டி என்று ஓர் ஒப்பந்தப் பையன். பையன் என்றால் இருபத்தாறு வயது, வேளாண் பட்டயம், மாதா மாதம் புதுப்பிக்கப்படும் வேலை.

மாதிரி வயலுக்கு மூன்று தகுதிகள் வகுத்தார்கள். தார்ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும். பொலேரோ நிற்க நிழல் வேண்டும். பயிர் செய்கிறவர் எதிர்த்துப் பேசத் தெரியாதவராக இருக்க வேண்டும். அனுமந்தன்பட்டியில் சண்முகத்தாய் வாரத்துக்குப் பிடித்திருந்த ஒரு ஏக்கர், முதல் இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கியது. மூன்றாவதை ஊகித்துக்கொண்டார்கள்.

சண்முகத்தாய் பதினொரு வருடம் ஏலத்தோட்டத்து ஜீப்பில் போனவள். விடியுமுன் ஏறினால் கம்பம்மெட்டு வழியாக மலைக்கு அந்தப் பக்கம், நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் பறிப்பு, இருட்டியபின் வீடு. ஒன்பது பேர் போகும் வண்டியில் இருபது பேர். போன வருடம் ஒரு கொண்டை ஊசி வளைவில், பின்விளிம்பில் அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்த சுப்புத்தாய் பிடி நழுவிப் போய்விட்டாள். போய்விட்டாள் என்றால் பள்ளத்துக்குள். வண்டி நிற்கவே அரை கிலோமீட்டர் ஆனது. அதன் பிறகு சண்முகத்தாய் ஜீப்பில் ஏறவில்லை. ஏறுவதில்லை என்று முடிவெடுக்க யாருக்கும் உரிமை உண்டு. முடிவெடுத்துவிட்டு என்ன தின்பது என்பதுதான் கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்த ஏக்கரைப் பிடித்தாள்.

நிலம் ஜோஷ்வாவுடையது. தேனி பஜாரில் பெயின்ட், பைப் கடை வைத்திருப்பவர். விலை ஏறும் என்று வாங்கிப் போட்ட நிலம். பேச்சு நேரான பேச்சுதான்.

"வெளைச்சல்ல பாதி எனக்கு, பாதி உனக்கு. முப்பது மூட்டை எடுத்துக் காட்டும்மா, அடுத்த வருசமும் நிலம் ஒனக்கே. முப்பதுக்குக் கொறைஞ்சா சின்னமனூர்க்காரர் வாழைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு, குடுத்துருவேன்."

முப்பது எடுத்துவிடலாம். தண்ணீர் இருந்தது, மண்ணும் கெட்ட மண் இல்லை. ரெண்டடிக்கு ஒரு பார், அந்த மேட்டு வரிசையில் சாணுக்கு ஒரு விதை. அந்தப் பக்கத்தில் எல்லோரும் ஊன்றுவது அப்படித்தான்.

விதையை முகமை சும்மா கொடுத்தது. சும்மா என்றால் பதினான்கு பக்கப் படிவத்தில் பதினான்கு கையெழுத்து.

"எதுக்குத் தம்பி இம்புட்டு?" என்றாள்.

"போடுங்கக்கா. ஒவ்வொரு கையெழுத்துக்கும் நடுவுல கொஞ்சம் எடம் விட்டுப் போடுங்க. சார் அளந்து பாப்பாரு," என்றான் விஜய்பாண்டி. சிரிக்காமல்தான் சொன்னான்.

பக்கம் பதினொன்றில் ஒரு வரி இருந்தது: இடையில் விலகுவோரின் நிலம் 'ஒத்துழையா நிலம்' எனப் பதிவு செய்யப்படும். அதை யாரும் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்டினால் பக்கத்துக்கு ஒரு நிமிடம் கூடுதலாகுமே.

பயிர் முளைத்து இருபதாம் நாள் விஜய்பாண்டி எஃகு ஸ்கேலுடன் வந்தான். மண்டிபோட்டு ஒரு செடியின் தூரிலிருந்து அடுத்ததன் தூருக்கு வைத்துப் பார்த்தான். பத்து இடத்தில் பார்த்தான். முகம் வாடியது.

"இருபத்தொண்ணுக்கா."

"என்னது இருபத்தொண்ணு?"

"செடிக்குச் செடி இருபத்தொரு சென்டிமீட்டர். இருபத்தஞ்சு இருக்கணும். எதை வச்சு அளந்து ஊனுனீக?"

சண்முகத்தாய் வலது கையை விரித்துக் காட்டினாள். விஜய்பாண்டி அந்தக் கையையும் அளந்தான். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை சரியாக இருபத்தொன்று. படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இல்லாததால் 'உபகரணக் குறைபாடு' என்ற கட்டத்தில் எழுதினான்: விவசாயியின் கை, நான்கு செ.மீ. குறைவு.

மறுநாள் ஆதித்தனே வந்தார். வரப்பில் கைக்குட்டையை விரித்து அதன்மேல் நின்றார்.

"சார், ரெண்டு விரக்கடைதான் கொறையுது. இங்கன எல்லாரும் இப்படித்தான ஊனுறாக. நல்லாத்தான் வெளையுது," என்றாள் சண்முகத்தாய்.

"எல்லாரும் தப்பு செஞ்சா அது ஊர் வழக்கம்மா. அதைத் திருத்தத்தான் எங்களை வச்சிருக்காங்க." ஆதித்தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "முளைச்ச செடியை நகர்த்த முடியாது. அதனால ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கிடுங்க. நாற்பத்திரண்டு வந்துடும்."

"நீங்க இருபத்தஞ்சுதான கேட்டீக?"

"நாற்பத்திரண்டுக்குள்ள இருபத்தஞ்சு இருக்கு. இருபத்தொண்ணுக்குள்ள இருபத்தஞ்சு இருக்கா? இல்லை. கணக்கு தெரிஞ்சா விளங்கும்."

"பாதிச் செடி போயிருமே சார்."

"பாதி செடி போகும். ஆனா மீதிப் பாதிக்கு எவ்வளவு காத்து, எவ்வளவு வெளிச்சம்! நாற்பது மூட்டைக்கு நான் பொறுப்பு."

நாற்பதுக்குப் பொறுப்பு என்று அவர் சொன்னதை எழுதி வாங்க வேண்டும் என்று சண்முகத்தாய்க்குத் தோன்றவில்லை. பதினான்கு கையெழுத்து அவளிடம்தான் வாங்கியிருந்தார்கள், அவரிடம் யாரும் ஒன்றுகூட வாங்கவில்லை.

ஜோஷ்வாவுக்கு போன் போட்டாள். அவருடைய மோட்டார் இணைப்புப் பெயர்மாற்றக் கோப்பு இரண்டு வருடமாக ஏதோ ஒரு மேசையில் படுத்திருந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்கும் நாய்க்குட்டியைக்கூடப் பகைக்கும் நிலையில் அவர் இல்லை.

"ஆபீசர் சொன்னா கேளும்மா. படிச்சவங்க. நாப்பதுன்னு அவரே வாயால சொல்றாருல்ல? ஒத்துழையா நிலம்னு எழுதிட்டாங்கன்னா எனக்குல்ல கெட்ட பேரு?"

மூன்று நாள் குனிந்து பிடுங்கினாள். முப்பத்திரண்டாயிரம் செடியில் பதினாறாயிரம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளும் கூட வந்து பிடுங்கினாள். பஞ்சம்மாள் இன்னும் ஜீப்பில் போகிறவள். ஞாயிறு மட்டும்தான் ஊரில் பார்க்கலாம்.

"ஏ சம்முகத்தாயி, நாம்பளே நட்டு நாம்பளே புடுங்குறதுக்கு ஒரு ஆபீசா?"

"சும்மா புடுங்கு மதினி. நாப்பது வருமாம்."

"வரும் வரும். அந்தாளு கைக்குட்டைய விரிச்சு நின்னாராமே, கேட்டப்பவே தெரிஞ்சுச்சு. அவருக்கு வரும்."

பிடுங்கிய பயிர் வரப்போரம் குவிந்தது. இரண்டு நாள் ஊர் ஆடுகள் வயிறு முட்டத் தின்றன. முகமையின் திட்டத்தால் நேரடியாகப் பயன்பெற்ற முதல் பயனாளிகள் அவைதான். அறிக்கையில் சேர்க்காதது முகமையின் அடக்கம்.

அடுத்து ஒரு ஆப் வந்தது. 'இடைவெளி நண்பன்' என்று பெயர். ஒவ்வொரு செடியையும் இருக்கும் இடத்தோடு படம் பிடித்து ஏற்ற வேண்டும். படத்தில் ஒரு செடிக்கு மேல் தெரிந்தால் திரை சிவந்து 'செடி நெரிசல்' என்று கத்தும், படம் திரும்பி வந்துவிடும். நாற்பத்திரண்டு சென்டிமீட்டரில் நின்ற இடுப்புயரச் செடிகளில் எதைப் படம் பிடித்தாலும் பக்கத்துச் செடியின் ஓர் இலையாவது உள்ளே எட்டிப் பார்த்தது. விஜய்பாண்டி படுத்துப் பார்த்தான். ஏணி போட்டுப் பார்த்தான். கடைசியில் சண்முகத்தாயிடம் குடை வாங்கிப் பக்கத்துச் செடியை மறைத்துப் பிடித்தான். ஆப் யோசித்துவிட்டுச் சொன்னது: 'குடை கண்டறியப்பட்டது. குடைக்குப் பரிந்துரைக்கப்பட்ட இடைவெளி தரவில் இல்லை.'

பாரில் உட்கார்ந்துவிட்டான்.

"என்ன தம்பி சொல்லுது?"

"ஆப் ஏத்துக்கலேன்னா செடி இல்லைன்னு அர்த்தமாம்கா. சார் போன்ல சொல்லிட்டாரு. பக்கத்துல உள்ளதையெல்லாம் எடுத்தாத்தான் ஒண்ணாச்சும் இருக்கும்கிறாரு."

"இருக்குறத இருக்குன்னு சொல்றதுக்கு, இருக்குறத எடுக்கணுமா?"

விஜய்பாண்டி ஒரு இலையைக் கிழித்துக்கொண்டிருந்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான். "எனக்கும் தெரியும்கா. எங்கப்பா ராயப்பன்பட்டியில சாண் வச்சுத்தான் ஊனுவாரு. மொத நாளே நீங்க ஊனுனது சரின்னு தெரியும். சொன்னா அடுத்த மாசம் எனக்கு வேலை இல்ல."

"அப்ப எனக்கு அடுத்த வருசம் நெலம் இல்ல."

"ஆமாக்கா," என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன். முகமையில் அவன் நிரந்தரமாகாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த முறை ஒன்று விட்டு ஒன்றும், பார் விட்டு ஒரு பாரும் போனது. பதினாறாயிரம் நாலாயிரமானது. ஆப் பச்சையாக ஒளிர்ந்து 'வாழ்த்துகள்' என்றது.

சண்முகத்தாய் எதிர்த்துப் பேசத் தெரியாதவள் இல்லை. வேலையால் எதிர்த்துப் பேசுகிறவள். வெறிச்சென்று கிடந்த பார்களைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பாள்? ஒருநாள் காலையில் முந்தானையில் விதையை முடிந்துகொண்டு போய், செடிகளுக்கு நடுவிலிருந்த காலி இடமெல்லாம் தட்டாம்பயறு ஊன்றிவிட்டாள். பத்து நாளில் நிலம் மறுபடி பச்சை பிடித்தது. சோளத்தில் விட்டதைப் பயறில் பாதியாவது பிடித்துவிடலாம் என்று கணக்கு. ஜோஷ்வாவிடம் பேசிப் பார்க்கலாம், பயறும் மூட்டைதானே.

பதினோராம் நாள் பொலேரோ வந்தது. ஆதித்தன் பயறைப் பார்த்த பார்வை, சொந்த வீட்டு வாசலில் யாரோ குடிசை போட்டதைப் பார்க்கிற பார்வை.

"என்னம்மா இது?"

"பயறு சார். சும்மா கெடக்குற எடந்தான."

"சும்மா கிடக்கலம்மா. அது இடைவெளி." குரலைத் தணித்துக்கொண்டார், பாமரர்களிடம் பொறுமை வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். "செடி உங்களோடது. அதுல நாங்க தலையிடவே மாட்டோம். ஆனா இடைவெளி முகமையோடது. இதுல எத்தனை லட்சம் செலவாகியிருக்கு தெரியுமா? பொது இடைவெளியை நீங்க ஆக்கிரமிப்பு செஞ்சிருக்கீங்க."

அன்று மாலையே நிலத்து வேலியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் பயறு தானாகக் காலி செய்ய வேண்டும், தவறினால் முகமையே அப்புறப்படுத்தும் என்று. பயறு காலி செய்யவில்லை. முகமை நாலு ஆளை வைத்து அப்புறப்படுத்தியது. அந்த நாலு ஆளில் கூலிக்கு வந்த ஒருத்தி, வேர் முடிச்சுகளைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, இது மண்ணுக்கே உரம்ல," என்று சொன்னாள். அவளை மறுநாள் வேலைக்குக் கூப்பிடவில்லை.

பூவெடுத்து கதிர் கட்டும் நேரம். விசாலமாக நின்ற செடிகள் சிலவற்றில் இரண்டு கதிர் வந்திருந்தது. இடம் கிடைத்தால் ஒரு செடி கொஞ்சம் பெரிதாகத்தான் காய்க்கும். நாலு செடி காய்க்க வேண்டியதை ஒன்று காய்க்காது. இது சண்முகத்தாய்க்குத் தெரியும், விஜய்பாண்டிக்குத் தெரியும், ஆடுகளுக்கும் தெரிந்திருக்கும். ஆதித்தனுக்கு முதல் பாதி மட்டும் தெரிந்தது. அவர் 'வயல் தினம்' அறிவித்தார்.

பந்தல் எங்கே போடுவது? வரப்பில் போட்டால் ரோட்டை மறைக்கும். வயலின் நடுவில் போட்டார்கள். பந்தலுக்குப் போக பாதை, பாதைக்கு சிவப்பு விரிப்பு, விரிப்புக்கு இரண்டு பக்கமும் பூந்தொட்டி. சாப்பாட்டுக்கு ஒரு பந்தல். செருப்பு விட ஓர் இடம். பக்கத்து ஊர்களிலிருந்து மூன்று வேனில் விவசாயிகளை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வேன் திரும்ப ஓர் இடம். நாலாயிரத்தில் அறுநூறு மிஞ்சியது.

ஆதித்தன் மைக்கைப் பிடித்தார்.

"விவசாயப் பெருமக்களே, செடியும் நம்மைப் போலத்தான். நான் சின்ன வயசுல ஒரே அறையில ஏழு பேரோட படுத்துத் தூங்கினவன். அப்ப எப்படி இருந்தேன்? ஒல்லியா, நோஞ்சானா. இன்னைக்கு மூணு படுக்கை அறை குவார்ட்டர்ஸ்ல நான் ஒரு ஆள். குடும்பம் மதுரையில. என்னைப் பாருங்க." தன்னைக் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். "எண்பத்தெட்டு கிலோ. இதுதான் இடைவெளி. உங்க வீட்டுல ஒரே அறையில ஆறு பேர் இருக்கீங்களே, ஏன் நீங்க வளரலைன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா?"

யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. கைதட்டல் மட்டும் வந்தது. சாப்பாட்டுக்கு டோக்கன் கைதட்டலுக்குப் பிறகுதான்.

கடைசி வரிசையிலிருந்து பஞ்சம்மாள் எழுந்தாள். அன்று ஞாயிறு.

"சார், செடி பெருசாத்தான் இருக்கு. ஏக்கருக்கு எம்புட்டு வரும்?"

"ஏக்கர்னு பார்க்கிறது பழைய பார்வைம்மா. செடியைப் பாருங்க."

"செடியப் பாத்துட்டோம் சார். செடியவா மூட்டையில கட்டிக் குடுக்குறது? நெலத்துக்காரருக்கு ஏக்கர்லதான பாதி?"

"கேள்விக்கும் கேள்விக்கும் நடுவுலகூட ஒரு இடைவெளி வேணும்," என்றார் ஆதித்தன். பந்தல் சிரித்தது. மேடையில் உட்கார்ந்திருந்த ஜோஷ்வாதான் பலமாகச் சிரித்தார். அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள்.

கதிர் முற்றும் முன் கடிதம் வந்தது. சென்னையிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. செடிக்குச் சராசரி மகசூல் எவ்வளவு என்று கேட்கும். ஆதித்தன் அறுநூறு செடியையும் சுற்றிப் பார்த்தார். பாதிச் செடிகள் சராசரிக்குக் கீழே இருப்பதைக் கண்டு அதிர்ச்சியடைந்தார்.

"இதெல்லாம் சராசரியைக் கெடுக்கிற செடிகள். எடுத்துடுங்க."

எடுத்தார்கள். மிஞ்சிய முந்நூறை மறுபடி கணக்கெடுத்தால் அதிலும் பாதி சராசரிக்குக் கீழே நின்றது. நூற்றைம்பதிலும் அப்படித்தான். எத்தனை தடவை பிடுங்கினாலும் பாதிக்குப் பாதி சராசரிக்குக் கீழேயே போய் நின்றுகொள்ளும் இந்தப் பயிரின் பிடிவாதம் பற்றி ஆதித்தன் ஒரு கட்டுரையே எழுதலாம் என்றிருந்தார். பிடுங்கியவை மாதிரி என்ற பெயரில் பொலேரோவில் ஏறின. விருந்தினர் விடுதியில் உப்புப் போட்டு அவித்து ஆய்வு நடந்ததாகக் கேள்வி.

முப்பது செடி இருக்கும்போது சண்முகத்தாய் கதிரறுவாளோடு பாரில் போய் நின்றுகொண்டாள்.

"இதுக்கு மேல ஒண்ணத் தொட்டீகன்னா பாத்துக்கங்க."

ஆதித்தன் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார். "உங்களுக்காகத்தானேம்மா இவ்வளவும். மாநில விருதுக்கு உங்க பேரை எழுதியிருக்கேன். அரசு ஆய்வைத் தடுத்தீங்கன்னு அதே பேரை இன்னொரு இடத்துல எழுத வச்சிடாதீங்க." பிறகு, "முப்பது செடிக்காக அறுவாளைத் தூக்குறீங்களே, முப்பத்திரண்டாயிரம் போனப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டார்.

அப்போதெல்லாம் அவள் குனிந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள் என்பதுதான் உண்மை. அறுவாள் தானாகத் தாழ்ந்தது.

கடைசியில் ஒன்று நின்றது. ஒரு ஏக்கர் வெறும் மண்ணில் ஒரே ஒரு மக்காச்சோளச் செடி, இரண்டு கதிரோடு. அது சராசரிக்குக் கீழே இல்லை. சரியாகச் சராசரியிலேயே நின்றது. ஆதித்தன் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். அதற்குக் காவலுக்கு ஆள் போட்டார்கள், சுற்றிக் கயிறு கட்டினார்கள், காற்றடித்தால் சாயும் என்று மூங்கில் நட்டார்கள். பக்கத்தில் இன்னொரு செடி இருந்திருந்தால் காற்றைத் தாங்கியிருக்கும் என்று காவல்காரர் சொன்னார். காவல்காரரை மாற்றினார்கள்.

குழு வந்தது. குழுத் தலைவர் பவானி அம்மையார், செடியைக் காரிலிருந்து இறங்காமலே பார்த்து, "அருமையான இடைவெளி" என்றார். கதிரை உடைத்து, உதிர்த்து, காயவைத்து, நகைக்கடையில் இரவல் வாங்கிய தராசில் நிறுத்தார்கள். இருநூற்றுப் பத்து கிராம். கைதட்டல். அதைச் செடி எண்ணிக்கையால் பெருக்கினார்கள்: ஏக்கருக்கு இருபத்தாறாயிரத்து அறுநூற்று அறுபத்தேழு. ஐயாயிரத்து அறுநூறு கிலோ. நூறு கிலோ மூட்டையில் ஐம்பத்தாறு. மாவட்டத்தில் இதுவரை யாரும் எடுக்காத மகசூல்.

அன்றும் ஞாயிறு. பஞ்சம்மாள் விஜய்பாண்டியைப் பந்தல் காலோரம் மடக்கினாள்.

"ஏலே தம்பி. நெலத்துல நின்னது ஒத்தச் செடி. பெருக்கும்போது மட்டும் இருபத்தாறாயிரம் எங்கன இருந்து வந்துச்சு?"

"அது பரிந்துரை எண்ணிக்கைக்கா. ரெண்டடி வரிசையில இருபத்தஞ்சு சென்டிமீட்டருக்கு ஒண்ணுன்னு வச்சா அம்புட்டு வரும்."

"அம்புட்டும் கூடவும் நின்னுச்சே, இவ ஊனுனப்ப!"

விஜய்பாண்டி குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பஞ்சம்மாள் கீழே கிடந்த பூங்கொத்து ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

தேனியில் விழா நடந்தது. சண்முகத்தாய்க்கு ஒரு பதக்கம், ஒரு சான்றிதழ், முகமை எழுதிக் கொடுத்த இரண்டு வரிப் பேச்சு. 'இடைவெளி என் வாழ்வை மாற்றியது. முகமைக்கு நன்றி.' மேடையேறி, அதைத் தப்பில்லாமல் வாசித்தாள். முதல் வரியில் பொய் எதுவும் இல்லை. மறுநாள் பேப்பரில் அவள் படம் வந்தது. பக்கத்தில் ஆதித்தன் படம், மூன்று மடங்கு பெரிதாக.

பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஜோஷ்வா வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் அனுமந்தன்பட்டித் தெருவுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை.

"அம்பத்தாறு மூட்டை. சந்தோசம்மா. எம் பங்கு இருபத்தெட்டு எங்க?"

"மொதலாளி, நீங்களே வயல் தினத்துக்கு வந்தீகளே. என்ன நின்னுச்சுன்னு பாத்தீகள்ல?"

"நான் மேடையில இருந்தேன். மேடையில இருந்து பாத்தா பந்தல்தான் தெரிஞ்சுச்சு." சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "கவர்மென்ட்டு முத்திரை போட்டு அம்பத்தாறுன்னு எழுதியிருக்கு. நீ ஒண்ணும் வெளையலேங்கிற. நான் யாரை நம்பட்டும்? கம்பத்து வியாபாரிக்கு ராவோட ராவா ஏத்திவிட்டியா?"

"ஆண்டவன் சத்தியமா ஒரு மணி இல்ல மொதலாளி. அந்த ரெண்டு கதிரு மணியையும்கூட அவுகதான் கண்ணாடிப் பொட்டியில வச்சுக் கொண்டுபோனாக."

"அப்ப ஆபீசர் கிட்டயே எழுதி வாங்கிட்டு வா. வெளையலேன்னு ஒரு வரி. நான் ஒத்துக்கிறேன்."

அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு. உள்ளதை உள்ளபடி ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? பஸ் ஏறித் தேனிக்குப் போனாள். ஆதித்தன் உட்காரச் சொன்னார். டீ வாங்கிக் கொடுத்தார். பதவி உயர்வு வந்திருந்ததால் நல்ல மனநிலையில் இருந்தார்.

"எழுதித் தரலாம்மா. எனக்கொண்ணும் இல்ல. ஆனா யோசிச்சுப் பாருங்க. விளையலைன்னு எழுதினா நான் பொய் சொன்னதா ஆகும். எழுதலைன்னா நீங்க பொய் சொன்னதா ஆகும். ரெண்டுல எது சின்ன சேதம்? நான் பொய்யன்னு ஆனா ஒரு முகமையே மூடும். ஒரு திட்டம் போகும். அடுத்த வருசம் நானூறு ஏக்கர்ல செய்யப் போறோம், அத்தனையும் நிக்கும். நீங்க பொய் சொன்னதா ஆனா, ஒரே ஒரு ஆளு ஒரே ஒரு ஆளுகிட்ட. அதுவும் அனுமந்தன்பட்டியில." டீயை உறிஞ்சினார். "எனக்கு ஓய்வுபெற ஏழு வருசம் இருக்கு. உங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லையே."

"எனக்கு நெலம் போகுது சார்."

"நிலம் எங்கயும் போகாதும்மா. அங்கயேதான் இருக்கும்." மணியடித்து அடுத்தவரைக் கூப்பிட்டார்.

சண்முகத்தாய் எழுந்து வெளியே வந்தாள். டீயைக் குடிக்கவில்லை. இந்தக் கதையில் அவள் செய்த ஒரே முழுமையான எதிர்ப்பு அதுதான். முகமை அதைக் கவனிக்கவில்லை.

நிலம் சின்னமனூர்க்காரருக்குப் போனது. வாழைக்கன்று எத்தனை அடிக்கு ஒன்று வைக்கலாம் என்று ஆலோசனை சொல்ல முகமை தயாராக இருந்தது; அவர் கேட்டைப் பூட்டிவிட்டார். அது ஒத்துழையா நிலம் என்று பதிவாகவில்லை. அவர் பதினான்கு கையெழுத்துப் போடுகிற ஆள் இல்லை.

இருபத்தெட்டு மூட்டைக்கு ஜோஷ்வா தயவு காட்டினார். ஒரேயடியாக வேண்டாம், வாரா வாரம் பணமாகக் கொடுத்துக் கழித்தால் போதும் என்றார். பெயர்மாற்றக் கோப்பும் கையெழுத்தாகியிருந்தது, மனுசன் இளகியிருந்தார்.

பங்குனி பிறந்த ஒரு திங்கட்கிழமை, விடியாத இருட்டில் பஞ்சம்மாள் வந்து கதவைத் தட்டினாள். சண்முகத்தாய் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஜீப் ஏற்கெனவே நிறைந்திருந்தது. "நெருக்கி உக்காருங்க, நெருக்கி உக்காருங்க, இன்னும் மூணு பேரு இருக்கு," என்று டிரைவர் கத்தினான். யாரோ மடியை ஒடுக்கினார்கள், யாரோ குழந்தையைப் போலத் தன் காலைத் தூக்கி அடுத்தவள்மேல் போட்டுக்கொண்டார்கள். பின்விளிம்பில்தான் இடம் கிடைத்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

கம்பம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொம்பளை, புது ஆள், இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, பேப்பர்ல பதக்கம் வாங்குனது நீங்கதான? ஏக்கருக்கு அம்பத்தாறு மூட்டை?"

"ஆமா."

"அடி ஆத்தா! அம்பத்தாறு மூட்டை எடுத்தவுக எதுக்கு ஏலம் பறிக்க வாரீக?"

ஜீப் வளைவில் திரும்பியது. இருபது பேரும் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். சண்முகத்தாய் கம்பியை விடாமல் அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"முப்பது எடுத்திருந்தா வந்திருக்க மாட்டேன்," என்றாள். "அம்பத்தாறு எடுத்தேன். அதான் வாரேன்."